மணி கட்டிய குச்சி

என் மகளுடைய சிறுவயதுக் கதையை அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டும் இருக்கிறாள். வீட்டுக்கு யாராவது வந்து பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், தான் பந்து விளையாடிய கதையை எடுத்துவிடுவாள். அதில் நான் பொல்லாத பொம்பளையாக வருவேன். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இதுவரை மறுத்துப் பேசியதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தங்கள் சிறுவயதில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி பெற்றவளிடம் இருக்கிறது. இங்கே நான் சொல்வது என்னிடம் இருக்கிற பாதி.

அப்போது நாங்கள் திண்டுக்கல்லில் கோட்டைப் பாறைக்குக் கிழக்கே குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவர். நான் தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருந்தேன். தெருவுக்கு ஒன்றாகக் கலர் டிவி வர ஆரம்பித்த காலம் அது. வெளிநாட்டுக்காரர்கள் பந்தாடுவதை அதில் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் கிரிக்கெட் மட்டையைச் சுவரோரம் சாத்திவிட்டுப் பந்தை உதைக்கத் தொடங்கினார்கள். நான்கு தெருவுக்கு நான்கு அணி. ஞாயிற்றுக்கிழமைதோறும் குளத்துக்கு அப்பால் இருந்த பொட்டலில் ஆட்டம். காலைப் பூசை முடிந்து கிறித்துவ வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் விசில் ஊதுவார்கள்.

இதை நடத்தியதெல்லாம் பெற்றவர்கள்தான். பிள்ளையை ஆட அனுப்புகிற வீட்டிலிருந்து ஓர் ஆள் வேலைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர் பந்துக்குக் காற்றடிப்பார், தையல் விட்டால் ஊசி வாங்கித் தைத்துக் கொடுப்பார். வெள்ளையடிக்கிறவர் பால் டின்னில் ஓட்டை போட்டுச் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, அதைக் குலுக்கிக்கொண்டே நடந்து கோடு போடுவார். வாத்தியார் ஒருவர் விசில் ஊதுவார். சொந்தப் பிள்ளை ஆடுகிற ஆட்டத்துக்கு ஊதக் கூடாது என்பதால் அன்றைக்கு மட்டும் விசில் வேறு வாய்க்குப் போகும். பொம்பளைகளுக்குத் தண்ணீர்ப் பானையும் வாழைப்பழமும். இடைவேளைக்கு ஆளுக்கொரு சிறுமலைப் பழம். நானும் முதலில் பழத்தோடு நின்றவள்தான்.

சண்டை வந்ததெல்லாம் வயதில். சின்னப் பிள்ளைகளுக்கான ஆட்டம் என்று சொல்லிவிட்டு, மீசை அரும்பியவனைக் கூட்டிவந்து இவனுக்குப் பதினொன்று என்பார்கள். கேட்டால் காகிதம் நீட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைக்கும் பிறந்த நாள் இரண்டு. ஒன்று பிறந்தபோது வந்தது, இன்னொன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. இதில் எதை வைத்து யாரை மறிப்பது? வயதை விட்டுவிட்டு உயரத்தைப் பிடித்துக்கொள்வோம் என்று முடிவானது. முதலில் சுவரில் கோடு கிழித்தார்கள். அப்பன்மார்கள் பிள்ளையின் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இப்போது பாருங்கள் என்றார்கள். அதிலும் சண்டை. கடைசியில் இரண்டு மூங்கிலை நட்டு, குறுக்கே ஒரு குச்சியை நூலில் தொங்கவிட்டு, குச்சியின் நடுவில் ஓர் ஆட்டு மணியைக் கட்டினார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அதன் அடியில் நடந்து வர வேண்டும். குனியக் கூடாது, முட்டியை மடக்கக் கூடாது. மணி அடித்தால் வெளியே. ஊருக்கே கேட்கிற தீர்ப்பு.

அந்தக் குச்சிக்கு ஓர் ஆள் வேண்டுமே. பிள்ளை குனிகிறதா என்று பார்க்க வேண்டும், நூல் தளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து இரண்டு அப்பன்மாரைப் போட்டுப் பார்த்தார்கள், இருவரும் சொந்தத் தெருப் பிள்ளைகள் வரும்போது ஆகாயத்தைப் பார்த்தார்கள். பாய்தான் என்னைக் கைகாட்டினார்.

“அக்காகிட்ட விடுங்க. தராசு முள்ளு நேரா நின்னாத்தான் அக்கா காயக் கூடையில கொட்டும். ஒரு வெண்டைக்கா கூடவும் வராது, கொறையவும் கொறையாது. நானும் கேட்டுப் பாத்துட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது உண்மை, உண்மைக்கு எதற்குச் சிரிப்பு? வாழைப்பழச் சீப்பை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் குச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

நான் நின்ற பிறகு சண்டை ஓய்ந்தது. பாயின் மகனுக்கே ஒரு ஞாயிறு மணி அடித்தது. அவன் தன் அப்பாவைப் பார்த்தான், பாய் என்னைப் பார்த்தார், நான் மணியைப் பார்த்தேன். “போடா, போயி பழத்த உரி,” என்றார் பாய். அவனும் போய் உட்கார்ந்து உரித்தான், உரித்ததில் பாதியைத் தின்றான். பையன்களுக்கு அது பெரிய நட்டமில்லை. குச்சிக்கு மேல் வளர்ந்தவர்களுக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பெரிய பையன்கள் ஆடுகிற மைதானம் இருந்தது. ஒரு மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டான்.

என் மகளுக்கு அந்த மைதானம் இல்லை. எங்கள் தெரு அணியில் அவள் ஒருத்திதான் பெண்பிள்ளை. இடது ஓரத்தில் அவள் பந்தைக் கொண்டு ஓடினால் சுண்ணாம்புக் கோடு கலைந்து புகையும். குச்சிக்கு அடியில் போக முடிகிறவரை அவளுக்குப் பந்து, அதற்கு மேல் வீடு. இது அவளுக்குத் தெரிந்திருந்தது. பெண்பிள்ளைகள் அந்த வயதில் எப்படி வளர்வார்கள் என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருடம் மழை முடிந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. தக்காளியை நிறுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளின் நடுவில் அவள் தலையைத் தேடும். மற்றத் தலைகளுக்கு மேலே தெரிகிறதா என்று பார்க்கும். பாவாடை ஓரத்தைப் பிரித்துவிடலாம் என்று ஊசியை எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவாள். பழைய மடிப்பு அப்படியே இருந்தால் தானும் அப்படியே இருப்பதாக அவளுக்கு எண்ணம். கணுக்காலுக்கு மேலே பாவாடை ஏறிக்கொண்டே போனது.

பால் குடிப்பதை நிறுத்தினாள். முட்டை சாப்பிட்டால் உயரம் போடும் என்று எவனோ சொல்லியிருக்கிறான், சத்துணவு முட்டையைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். குழாயடியிலிருந்து இடுப்பில் ஒரு குடம் கொண்டு வருகிறவள் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று கொண்டு வந்தாள். கெட்டிக்காரி என்று அவளை மெச்சிக்கொண்டேன். அமுங்குவதற்காகத் தூக்குகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அதைவிட நடை. முதலில் குச்சியடியில் மட்டும்தான் தோளைத் தொங்கவிட்டு நடந்தாள். குனிகிறாள் என்று சொல்ல முடியாது; உடம்பு முழுவதையும் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்தி உள்ளுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு நடை. கொல்லையில் கொடிக்கயிற்றைத் தாழ்த்திக் கட்டி அதன் அடியில் போய்ப் போய் வந்து பழகினாள். பிறகு அந்த நடை வீட்டுக்குள் வந்தது. அடுப்படிக்கு வரும்போதும் அப்படி வந்தாள். பள்ளிக்கூடம் போகும்போதும் அப்படிப் போனாள். தூங்கும்போது பார்த்தால் முழங்காலை நெஞ்சில் சேர்த்து, நத்தை மாதிரி சுருண்டு கிடப்பாள். காலை நீட்டிவிட்டால் மறுபடி சுருட்டிக்கொள்வாள்.

“மதினி, இவளுக்குக் கூன் விழுந்துறப் போகுது,” என்றாள் என் நாத்தனார். அவள் எங்களோடுதான் இருந்தாள். “இந்த வயசுல நெஞ்ச நிமித்தி நடக்க வேண்டிய பிள்ளை, பொதி செமந்த கழுத மாதிரி நடக்கறா.”

“நிமிந்து நடடி,” என்றேன்.

“நிமிந்துதான்ம்மா நடக்கேன்,” என்றாள், நிமிராமலே.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய வாரம் அவள் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள், பழனி முருகனுக்கு முடி நேர்ந்திருப்பதாக. அந்த வாரமே போய் இறக்கிவிட வேண்டுமாம்.

நாத்தனார் கையிலிருந்த கரண்டியோடு திரும்பினாள். “ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா? இன்னைக்கோ நாளைக்கோ பெரிய மனுசி ஆகப் போறவ. சடங்குக்குச் சடை தச்சுப் பூ வைக்கணும். மொட்டைத் தலையில எங்க வைக்க?”

“சாமிக்குச் சொல்லிட்டேன் அத்தை.”

“என்னன்னு சொன்ன?”

“வெளிய சொல்லக் கூடாது.”

அதற்கு மேல் என்ன பேசுவது? வேண்டுதல் என்று சொன்ன பிறகு எங்கள் வீட்டில் யார் தடுப்பார்கள்? அந்தச் சமயத்தில் வீட்டுக்காரருக்கு அரம் போட்டுப் போட்டுக் கைமூட்டு வீங்கியிருந்தது. அப்பாவுக்காகத்தான் நேர்ந்திருக்கிறாள் என்று நாத்தனாரே முடிவுகட்டி, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் வீங்கிய கையை மடியில் மறைத்துக்கொண்டு எழுந்து போனார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. இப்படியொரு பிள்ளையைப் பெற்றேனே என்று சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழனியில் முடியெடுக்கிறவர் வழித்து முடித்துத் தட்டிவிட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, உச்சியில இன்னும் ஒட்ட வழிங்க.”

“இதுக்கு மேல வழிச்சா தோலுதானுங்க கண்ணு வரும்,” என்றார் அவர்.

அவள் உள்ளங்கையை உச்சந்தலையில் தட்டையாக வைத்து, அப்படியே நேராக முன்னால் இழுத்து, காற்றில் நிறுத்திப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த உயரம் எனக்குத் தெரியும். வாரம் தவறாமல் அதன் பக்கத்தில் நிற்கிறவள் நான்.

பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் பொறுத்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“நெசமாவே நேந்தியாடி?”

“நெசமாத்தான்ம்மா. சாமிகிட்டப் போயி பொய் சொல்லுவனா?”

“என்னன்னு நேந்த?”

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். “மணி அடிக்கக் கூடாதுன்னு.”

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தனம் பூசிய அந்தச் சின்னத் தலை பஸ் குலுங்கும்போதெல்லாம் என் தோளில் இடித்தது. முன்னெல்லாம் கையில் இடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கைமூட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, “நூல ஒரு விரக்கட தூக்கிக் கட்டிட்டாத்தான் என்ன? கடைசி ஆட்டம்தானே,” என்றார்.

“பாய் மவனுக்கு ஏன் தூக்கலன்னு கேட்டா?”

குச்சியும் மணியும் என் பொறுப்பில், என் வீட்டுப் பரணில்தான் இருந்தன. அன்றைக்கு நான் அந்தப் பக்கமே தலை தூக்கிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் நாத்தனார் அவளை உட்காரவைத்து, வெயிலில் மண்டை காயும் என்று கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் குழைத்து மறுபடி தலையெல்லாம் அப்பிவிட்டாள். திட்டியதும் அவள்தான், தலையைத் தடவித் தடவிக் கொஞ்சியதும் அவள்தான். மகள் பொறுமையில்லாமல் காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பொட்டலில் அன்றைக்கு நல்ல கூட்டம். எங்கள் தெருவுக்கும் குளத்தெருவுக்கும் ஆட்டம். மொட்டைத் தலையைப் பார்த்ததும் பையன்கள் சும்மா இருப்பார்களா?

“ஏலே, பந்து எது, தல எதுன்னு பாத்து ஒதைங்கடா,” என்றான் பாயின் மகன். பெரிய மைதானத்துக்குப் போய்விட்டாலும் பழம் தின்பதற்கு இங்கே வந்துவிடுவான்.

நான் மூங்கிலில் குச்சியைக் கட்டி, நூலை இழுத்துப் பார்த்து, மணியை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு நின்றேன். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒருவன், இன்னொருவன். எல்லாரும் தாண்டிப் போனார்கள்.

அவள் முறை வந்தது. தலையில் எண்ணெய்க் கிண்ணத்தை நிரம்ப வைத்துக்கொண்டு நடக்கிறவள் மாதிரி வந்தாள். முட்டி மடங்கவில்லை. கழுத்து வளையவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தியிருந்தாள். குச்சி அவள் தலைக்கு மேலே வந்தது, தலையோடு சேர்ந்து முன்னால் கொஞ்சம் நகர்ந்தது, பிறகு மெல்லத் திரும்பி வந்து நின்றது. மணியின் நாக்கு அசையவே இல்லை. அப்படிப் பழகியிருந்தாள்.

எங்கள் தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் குச்சியைப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், மணிக்கு இந்தப் புறம், மஞ்சளாக ஈரச் சந்தனம் ஒட்டியிருந்தது.

நான் நின்ற இடத்திலிருந்துதான் அது தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. நான் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். குச்சிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேலே வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. தாண்டியாகிவிட்டது, மணியும் அடிக்கவில்லை. ஆனாலும் அவள் தோள் ஏறவில்லை. உடம்பு அப்படியே, உள்ளே இறங்கின மாதிரியே நின்றது. நிமிர வேண்டும் என்கிற நினைப்பே அதற்கு விட்டுப்போயிருந்தது.

நான் குச்சியைப் பிடித்து அடிப்பக்கத்தை மேலே திருப்பினேன்.

“பட்டிருக்கு,” என்றேன்.

கூட்டம் பக்கத்தில் வந்தது. பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “மணி அடிக்கலையேக்கா. நாம வச்ச சட்டம் மணிதானே?”

“ஆமா, சந்தனத்துக்கு ஏது சட்டம்?” என்றார் விசில் வைத்திருந்த வாத்தியார்.

“சந்தனத்தோட கனம்தான் பட்டிருக்கு, பிள்ளை படல,” என்றார் கோடு போடுகிறவர். “தொடச்சுட்டு அளங்க.”

“சாமிக்கு வச்ச சந்தனம், பந்தாடுறதுக்காகத் தொடைக்கறதா?” என்று பழத்தோடு நின்ற ஒருத்தி சண்டைக்கு வந்தாள். குளத்தெருக்காரர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. தன் மகனையே பழம் உரிக்க அனுப்பிய பாயே விட்டுவிடச் சொல்லும்போது அவர்கள் என்ன சொல்வார்கள்? நான் ஒரு தலையசைப்புக் கொடுத்தால் போதும், அவள் ஆடப் போயிருப்பாள்.

“தொடைக்க வேணாம்,” என்றேன். அவளைப் பார்த்துச் சொன்னேன், “ஏத்தா, இன்னொருக்கா வா. நிமிந்து வா.”

அவள் அசையவில்லை.

“அம்மா சொல்றேன்ல. நிமிந்து வாடி.”

அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஓட்டமும் நடையுமாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். நெஞ்சை நிமிர்த்தினாள், கழுத்தைத் தூக்கினாள், என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். குச்சி அவள் நெற்றியில் மோதியது. மணி அப்படி அடித்து அந்தப் பொட்டலில் யாரும் கேட்டதில்லை. ஒரு பக்க நூல் அறுந்து குச்சி தொங்கியது.

பாயின் மகன் ஒரு பழத்தை உரித்து அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்காமல் நேராகப் போய்க் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். ஆட்டம் முடிகிறவரை உட்காரவில்லை. இடது ஓரத்தில் ஆளில்லாமல் எங்கள் தெரு தோற்றது. அந்தத் தோல்வியையும் அவள் என் கணக்கில்தான் எழுதினாள், எழுதட்டும்.

இன்றைக்கு அவள் கதையைச் சொல்லும்போது இங்கேதான் முடிப்பாள். “எங்கம்மாவுக்கு அவங்க பேருதான் பெருசு. பொட்டுச் சந்தனத்துக்காக என்னைய வெளிய நிப்பாட்டுனாங்க,” என்பாள். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் மறுக்க மாட்டேன். என் பேர் பெரிசுதான், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதற்காகத்தான் குச்சியைத் திருப்பினேன் என்று அவள் நினைப்பது வேறு. பந்து போனால் அவளுக்கு என்ன போகும் என்பது எனக்கும் தெரியும். அவளுக்கென்று வேறு மைதானம் ஒன்றை நான் எங்கேயும் ஒளித்து வைத்திருக்கவில்லை. அந்தக் குச்சிக்கு அடியிலேயே அவள் உடம்பு குடியிருந்துவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். அந்த வயதுப் பிள்ளைக்கு இதை என்னவென்று சொல்வது? சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். என்னோடு சேர்ந்து வர அவளுக்கு மனமில்லை. பாவாடை கணுக்காலுக்கு மேலே எங்கேயோ நின்றது. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முதுகு நேராக இருந்தது. கோபத்தில் சுருங்க மறந்துவிட்டாள். தெருவில் எதிரே வந்தவர்களெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் சின்னவர்களாகத் தெரிந்தார்கள். இவ்வளவு உயரமான பிள்ளையா என் வீட்டில் நத்தையாகச் சுருண்டு கிடந்தது என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் மறுபடி இறங்கிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. நூல் அறுந்த குச்சியைக் கக்கத்தில் இடுக்கி, மணி சத்தம் போடாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, வீடு வரைக்கும் பின்தங்கியே நடந்தேன்.